எங்கள் பிரிவுக்கு எந்தக் கேமரா?

அவிநாசியிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர்ப் பிரிவு, அதாவது ஊருக்குள் ரோடு பிரிகிற இடம். ஒரு பக்கம் பேக்கரியும் உரக்கடையும், எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப், ஊருக்குள் போகிற தார்ச்சாலை மெயின் ரோட்டைத் தொடும் முக்கில் ஒரு வேப்பமரம். வார நாளில் மில் வேனும் செங்கல் லாரியும் ஓடும். சனிக்கிழமை விடிந்தால் ஈரோடு, சேலம் பக்கமிருந்து ஊட்டிக்குக் கிளம்பிய கார்கள் வரிசை கட்டும். அவர்கள் வரும் வேகத்தில் இப்படி ஒரு பிரிவு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தை மாசம் விடியக் கருக்கலில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய ஒருவரை ஒரு கார் தட்டிவிட்டுப் போனது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. வண்டி நம்பரை யாரும் பார்க்கவில்லை.

மே 1 கிராம சபையில் கேமரா கேட்டுத் தீர்மானம் போட்டு, மனுவும் கொடுத்துவிடலாம் என்று பேச்சானது. எந்த மாதிரிக் கேமரா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. இ-சலான் என்கிற மின்னணு அபராத நோட்டீஸ் பற்றி முன்பு எழுதியவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. பல்லடம், கோபி, ராசிபுரம் பக்கமிருந்தும் வாசகர்கள் இதே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள்.

கூட்டம் கலையும்போது ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங் தம்பி, கேமரா வெச்சா வேகமாப் போறவனைத்தானுங்க புடிக்கோணும்? தோட்டத்துக்கு மொபெட்ல போற என்னையுமா புடிச்சு வெச்சுக்கும்?"

நான் கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, விபத்து குறையுமா. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவுகள். விபத்து எண்ணிக்கையில் அந்த வருஷம் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். இந்திய அளவில் சாலைச் சாவுகளில் பத்துக்கு ஏழு அதிவேகத்தால் வந்ததாக மத்திய அரசின் அதே வருஷக் கணக்கு சொல்கிறது. ஆகவே, தனியுரிமை என்று சொல்லிக் கேமராவே கூடாது என்று வாதாட நான் வரவில்லை.

இரண்டாவது, பெரியவர் கேட்டது. தப்பே செய்யாதவரைப் பற்றி அந்தப் பெட்டிக்குள் என்ன பதிவாகும், எத்தனை நாள் கிடக்கும், யார் கைக்குப் போகும்? இதற்குத்தான் அதிக மார்க் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது, தப்பான சலான் வந்தால் எங்கே போய் முறையிடுவது. நான்காவது செலவு. வாங்குகிற செலவைவிட அதற்கப்புறம் வருஷா வருஷம் போகிற செலவைப் பாருங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 136ஏ என்ற சட்டப்பிரிவைச் சேர்த்தது. நெடுஞ்சாலையிலும் பெருநகரங்களிலும் மின்னணுக் கண்காணிப்பை மாநில அரசு செய்தாக வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கான விதி 167ஏ, 2021 ஆகஸ்டில் வந்தது. இதில் நம்ம ஊர்ச் சம்பந்தம் ஒன்று உண்டு. 2012இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன். அந்த வழக்கில்தான் 2024 செப்டம்பரில், 136ஏ-வை நடைமுறைப்படுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவு போட்டது.

இன்னொரு பக்கம், 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கை வைத்தால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. கேமரா விஷயத்தில் முதல் இரண்டும் தேறிவிடும். இடிப்பது மூன்றாவதுதான். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்க, வழக்கு நடத்தச் செய்யும் வேலைகளுக்கு அதில் பெரும்பாலான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு உண்டு. தரவைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமை மட்டும் விலகாது. ஆகவே நமக்கு வேண்டிய நிபந்தனையை நாமேதான் மனுவில் எழுத வேண்டும்.

"ஃபாஸ்டேக் வந்த பிறகு கணியூர், விஜயமங்கலம், வைகுந்தம் என்று டோல்கேட்டுக்கு டோல்கேட் பதிவாகிறது, இனி மறைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. டோல் ரோடு பிடிக்காவிட்டால் பவானி சுற்றிப் போகலாம். ஊர்ப் பிரிவில் நிற்கும் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வழியில்லை.

1. நாமே சந்தா போட்டு வைக்கும் சிசிடிவி

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கடைக்காரர்களும் மில்காரரும் ஆளுக்குக் கொஞ்சம் போடுவது, நாலு கேமரா, ஒரு கம்பம், நன்கொடையாளர் பெயருடன் ஒரு போர்டு. திறந்து வைக்க இன்ஸ்பெக்டர் வருவார். ஒரே வாரத்தில் முடிகிற வேலை.

எங்கள் பிரிவில் இந்த ஜாதிக் கேமரா ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. பேக்கரிக்காரர் கல்லாவுக்காக வைத்தது. கொஞ்சம் திருப்பி வைத்ததில் ரோடும் பஸ் ஸ்டாப்பும் தெரியும். தை மாசம் அந்தக் கார் அதன் முன்னால்தான் போனது. அன்றைக்கே போட்டுப் பார்த்தோம். வெள்ளை வெளிச்சம் இரண்டு வந்தது, அப்புறம் சிவப்பு வெளிச்சம் இரண்டு போனது. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடம் வெறும் வெளுப்பு. இருட்டில் ஹெட்லைட்டுக்கு எதிரே சாதாரணக் கேமரா நம்பர் படிக்காது. அதற்கென்று வேறு லென்ஸ், வேறு விளக்கு, வேறு ஷட்டர் வேகம் வேண்டும்.

அதே கேமரா நன்றாக வேலை செய்த ஒரு நாளும் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வந்தார். செயின் பறிப்பு, திருட்டு எதுவும் இல்லை. காலேஜுக்குப் போன மகள் முந்தின நாள் எந்த பஸ்ஸில் வந்து இறங்கினாள், அங்கிருந்து யார் வண்டியில் ஏறினாள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். "ஒரு நிமிசம் போட்டுக் காட்டு கண்ணு" என்றார். கல்லாவில் இருந்த பையன் மவுஸைப் பிடித்து முந்தின நாள் நாலரை மணிக்கு ஓட்டினான். பஸ் வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். பட்டப்பகல், முகம் முகமாகத் தெரிந்தது. பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பி டிவியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண் காலேஜ் பஸ்ஸில் வரவில்லை. நம் பக்கத்தில் அந்த ஒரு நிமிஷத்துக்கு என்ன விலை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிடிக்க வேண்டிய காரைப் பிடிக்கவில்லை. பிடிக்கக் கூடாத பெண்ணைப் பிடித்தது. சந்தாக் கேமராவின் கதை பெரும்பாலும் இதுதான். பதிவுப் பெட்டி இருக்கும் கடைதான் அதற்குக் காவல். பாஸ்வேர்டு கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும். மாட்டிக் கொடுத்த சர்வீஸ்காரர் போனிலும் அந்த ஆப் கிடக்கும். அவர் வேறு கடைக்கு மாறினாலும் நம் பிரிவு அவர் கையிலேயே இருக்கும். யார் கேட்டால் காட்டலாம், யாருக்குக் காட்டக் கூடாது என்று எழுதி வைத்த ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை.

செலவும் சொன்னதோடு நிற்காது. வைக்கோல் ஏற்றிய லாரி போனால் ஒயர் அறுந்துவிடும். ராத்திரி விளக்கெரியும் கேமராவைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். காலையில் பார்த்தால் லென்ஸுக்குக் குறுக்கே வலை. மில் பக்கமென்றால் பஞ்சுத் தூசி வேறு. யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடும். திறப்பு விழாவுக்குச் சந்தா கிடைக்கும், பேட்டரிக்குக் கிடைக்காது.

இன்னொன்று, வேகத்துக்கு இதை வைத்துச் சலான் போட முடியாது. விதி 167ஏ-வில் சிசிடிவியும் ஒரு கருவிதான். ஆனால் எந்தக் கருவிக்கும் அங்கீகாரச் சான்று வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கடைத்தெருவில் வாங்கி மாட்டிய கேமராவுக்கு அது ஏது?

இது எப்போது சரி? ஆடு, மோட்டார், ஒயர் திருட்டுதான் ஊரின் தலைவலி என்றால் வைக்கலாம். பதிவுப் பெட்டியைக் கடையில் வைக்காமல் ஸ்டேஷனில் வைத்து, புகார் எண் இல்லாமல் யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாது என்று எழுதிக்கொண்டு வையுங்கள். வேகத்துக்கு இது மருந்தல்ல.

2. ஓரிடத்தில் வேகம் பார்க்கும் கேமரா

கம்பத்தில் ரேடாரோ லேசரோ இருக்கும். வரும் வண்டியின் வேகத்தை அளக்கும். வரம்பைத் தாண்டினால் படம் எடுத்து நம்பரைப் படித்துச் சலானுக்கு அனுப்பும். பலன் உண்டு. உலக அளவில் 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2010 மதிப்பாய்வில், கேமரா வைத்த இடங்களின் பக்கத்தில் உயிர்ச்சேதம், பலத்த காயம் உண்டாக்கும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன. ஆய்வுக்கு ஆய்வு தரம் வேறு என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள் என்றாலும், எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டின.

குறை என்னவென்றால், கேமராவைக் கண்டதும் பிரேக், தாண்டியதும் ஆக்சிலேட்டர். மேப் ஆப்பே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. நெடும்பாதைக்கு இது பெரிய குறை. எங்கள் பிரிவுக்கு இது குறையே இல்லை; எங்களுக்கு அந்த இருநூறு மீட்டர் மெதுவாகப் போனால் போதும், அப்பால் அன்னூர்க்காரர் பாடு.

இப்போது பெரியவர் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பெட்டி இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்று, வேகம் தாண்டினால் மட்டும் கண் திறப்பது. மற்றது, போகிற வருகிற எல்லா வண்டியின் நம்பரையும் நேரத்தோடு படித்து அடுக்குவது. திருட்டு வண்டி தேட உதவும் என்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கம்பம், ஒரே பெட்டி. உள்ளே ஒரு செட்டிங்தான் வித்தியாசம். முதல் வகையில் பெரியவரின் மொபெட் பெட்டிக்குள் நுழையவே இல்லை. இரண்டாவதில், அவர் தினமும் எத்தனை மணிக்குத் தோட்டம் போகிறார், எந்த நாளில் போகவில்லை என்பது வரைக்கும் வரிசையாக இருக்கும். நாம் கேட்க வேண்டியது முதல் வகையை. இதைச் சொல்லாமல் 'கேமரா வேண்டும்' என்று மட்டும் எழுதினால் எது வரும் என்று நம் கையில் இல்லை.

அடுத்தது, கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது. முன்பக்கம் பார்த்தால் முகம் விழும். பக்கத்து சீட்டில் யார் என்பதும் விழும். 2023இல் திருவனந்தபுரத்தில் ஒருவர் ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரில் போக, கேமரா எடுத்த படம் வண்டி உரிமையாளரான மனைவியின் போனுக்குப் போனது. படத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தவர் வேறொரு பெண். ஹெல்மெட் அபராதத்தில் தொடங்கியது அடிதடி வழக்காகிக் கைதில் முடிந்தது. செய்தியைப் படித்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். யோசித்தால் அரசு அனுப்பிய அந்தப் படத்துக்கு வேண்டியது ஒரு தலையும் ஒரு நம்பரும்தான், பின்னால் இருந்தவர் முகம் எதற்கு? ஜெர்மனியில் வேகக் கேமராப் படத்தில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைக் கறுப்படித்துத்தான் அனுப்புகிறார்கள்.

பின்பக்கம் பார்த்து வைத்தால் நம்பர் கிடைக்கும், முகம் கிடைக்காது. இங்கே சலான் வண்டி உரிமையாளர் பெயருக்குத்தான் வருகிறது. ஓட்டியது வேறு ஆள் என்றால் விவரம் சொல்ல வேண்டியதும் அவரே. முகம் இல்லாமலே காரியம் நடக்கும். பின்பக்கக் கேமராவில் சீட் பெல்ட்டும் செல்போன் பேச்சும் தெரியாது, அது நஷ்டம்தான். வேகத்துக்கு மட்டும் வைக்கிற இடத்தில் அந்த நஷ்டத்தை ஏற்கலாம் என்பது என் கட்சி.

தப்பான சலான் பற்றி ஒரு சொந்தக் கதை. ஈரோட்டில் இருக்கும் என் மச்சானுக்கு ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் சலான் வந்தது. அவரிடம் இருப்பது கார். படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தோம். ஸ்கூட்டர், டிஎன் 38, கோவை வடக்கு வண்டி. பிளேட்டில் 8-இன் இடது பக்கம் சேறு ஒட்டியிருந்தது. படித்த மென்பொருளுக்கு அது 3. டிஎன் 33 ஈரோடு ஆகிவிட்டது, மீதி நம்பர் அப்படியே மச்சான் காருக்குப் பொருந்திவிட்டது. இதை நீக்க இரண்டு ஆபீஸ், மூன்று நடை, ஒரு நாள் சம்பளம். பேசாமல் ஆயிரத்தைக் கட்டியிருக்கலாம் என்று இரண்டாவது நடையிலேயே சொன்னார். நல்லவேளை, சலானில் படம் இருந்தது. 2021 விதிப்படி குற்றமும் நம்பரும் தெரியும் படம், கருவியின் அளவு, நாள், நேரம், இடம் எல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். படமில்லாத சலானைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் 'சலான்' என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றுகிற ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள், அது உங்கள் வங்கிக் கணக்கைத் துடைக்க வந்தது. அசல் தளம் பரிவாகன், முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும்.

செலவு ஊருக்கு இல்லை, அரசுக்கு. ஊருக்கு உள்ள மறைமுகச் செலவு வேறு: அபராதம் முதலில் விழுவது வெளியூர்க்காரனுக்கு அல்ல, தினமும் அந்த வழியே போகும் நமக்குத்தான். காருக்கு அதிவேக அபராதம் சட்டப்படி 1,000 முதல் 2,000 ரூபாய், லாரிக்கு 2,000 முதல் 4,000. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு இது இன்னும் கடினம். சலான் ஓனருக்கு வந்து சேர்வதற்குள் டிரைவர் வேறு வண்டி மாறியிருப்பார்.

3. இரண்டு கம்பத்துக்கு நடுவே சராசரி வேகம்

ஆறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பம். வரம்பு 60 என்றால் கடக்க ஆறு நிமிஷம் ஆக வேண்டும். நாலு நிமிஷத்தில் வந்தால் 90இல் வந்திருக்கிறீர்கள், கணக்கு முடிந்தது. கம்பத்தைக் கண்டு பிரேக் போடுகிற தந்திரம் செல்லாது. வழி நெடுகிலும் வேகம் அடங்கும். வேகத்தை அடக்குவதில் நாலிலும் இதற்குத்தான் முதல் மார்க்.

தனியுரிமையில் இதற்குத்தான் கடைசிக்கு முந்தின மார்க், அதுவும் அதன் அமைப்பினாலேயே. முதல் கம்பத்தைக் கடக்கும்போது நீங்கள் வேகமா மெதுவா என்று அதற்குத் தெரியாது. ஆகவே எல்லோரையும் படம் எடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது கம்பத்தில் கணக்குப் போட்ட பிறகு நல்லவர்களை அழித்துவிடலாம். அழிக்கிறார்களா என்பதுதான் கேள்வி. ஜெர்மனியில் ஹன்னோவர் பக்கத்தில் 2019 ஜனவரியில் இப்படி ஒன்றை ஆரம்பித்தார்கள். தப்பு செய்யாதவர் நம்பரை எடுப்பதற்குச் சட்ட ஆதாரம் எங்கே என்று கேட்டு மார்ச்சிலேயே நீதிமன்றம் நிறுத்திவிட்டது. மாநில அரசு அதற்கென்றே சட்டத்தில் இடம் செய்த பிறகுதான் மறுபடி ஓட விட்டார்கள். பிரிட்டனில் கதை வேறு. அங்கே நம்பர் படிக்கும் போலீஸ் கேமராக்களின் பதிவு 12 மாதம் வரை இருக்கும்.

எங்கள் ஊருக்கு இதில் இன்னொரு சிக்கல். அவிநாசிக்கும் அன்னூருக்கும் நடுவே எங்கே பார்த்தாலும் தோட்டத்து இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகிற மண்பாதை), ஊர்ப் பிரிவு. பெரியவர் முதல் கம்பத்தைக் கடந்து இரண்டாவது கம்பத்துக்கு முன்னாலேயே தோட்டத்துக்குள் திரும்பிவிடுவார். அவருடைய கணக்கு முடியவே முடியாது. ஜோடி சேராத பதிவாக உள்ளே நிற்கும். தொண்ணூறில் போன கார்க்காரன் நாலு நிமிஷத்தில் கணக்குத் தீர்ந்து போவான், இருபதில் போன பெரியவர் பதிவு அழிக்கச் சொன்ன நேரம் வரும்வரை கிடக்கும். வேடிக்கையான நியாயம்.

இது பொருந்தும் இடங்கள் நிச்சயம் உண்டு. தொப்பூர் கணவாய் இறக்கம் மாதிரி, லாரிகள் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்து கட்டுப்பாடு இழக்கிற இடத்தில் ஒரு கம்பம் போதாது. 2025 அக்டோபரில் திறந்த கோவை அவிநாசி ரோடு மேம்பாலமும் அப்படித்தான், 10.1 கிலோமீட்டர், மேலே கடையில்லை, வீடில்லை, நடப்பவர் இல்லை. அங்கே யாருடைய அன்றாடமும் பதிவாகப் போவதில்லை. கிராமத்து ரோட்டில் வேண்டாம்.

4. போலீஸ்காரர் கையில் ஸ்பீடு கன்

புளியமரத்தடியில் ஜீப், கையில் லேசர் துப்பாக்கி, பக்கத்தில் சலான் மெஷினோடு ஒருவர். குறி வைத்த வண்டியைத் தவிர வேறு எதுவும் பதிவாவதில்லை. தப்பில்லாதவர் பதிவு என்று பார்த்தால் இதுதான் சுத்தம்.

ஆனால் அவர் இருக்கும் ஒரு மணி நேரம்தான் ரோடு அடங்கும். எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை அடித்துக் காட்டி முன்னாலேயே சொல்லிவிடுவார். தை மாசம் விடியக் கருக்கலில் எந்தப் போலீஸ்காரர் நிற்பார்? யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்பது நிற்பவர் விருப்பம். கொடி கட்டிய காரை விட்டுவிட்டு மில் வேலைக்குப் போகும் வடநாட்டுப் பையனின் பைக்கை ஓரங்கட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேமராவுக்கு யார் வண்டி என்று தெரியாது, அதன் ஒரே நல்ல குணம் அதுதான். மரத்தடியில் பேசி முடிப்பதும் உண்டு. அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வராது.

ஊட்டி சீசன் சனி, ஞாயிறுக்கும் தேர்த்திருவிழா நாட்களுக்கும் இதைக் கேளுங்கள். வருஷம் முழுக்க இதை நம்ப முடியாது.

கேமராவே இல்லாமல்

கேமராவே இல்லாமல் வேகத்தைக் குறைக்க முடியாதா என்றுதான் சிலர் முதலில் கேட்டார்கள், நியாயமான கேள்வி. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை போட விடமாட்டார்கள். மற்ற ரோட்டில் ஊரே சேர்ந்து ராத்திரியில் கொட்டும் மண்மேடு இடுப்பை ஒடிக்கும். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் அலுங்காது. எங்கள் பிரிவுக்கு உடனே வேண்டியது பிரிவுக்கு முன்னால் உதறல் பட்டைகள் (வேகமாகப் போனால் வண்டியை உதறவைக்கும் மேடான கோடுகள்), ஒரு ஹைமாஸ்ட் விளக்கு, பஸ் ஸ்டாப்பை முக்கிலிருந்து ஐம்பதடி தள்ளி வைப்பது. இவை யாரையும் படம் எடுக்காது.

ஒரே பார்வையில்

| கேள்வி | சந்தா சிசிடிவி | ஓரிட வேகக் கேமரா | சராசரி வேகக் கேமரா | ஸ்பீடு கன் |
|---|---|---|---|---|
| வேகம் குறையுமா | குறையாது | அந்த இடத்தில் குறையும் | வழி முழுக்கக் குறையும் | ஆள் இருக்கும் வரை |
| தப்பில்லாதவர் பதிவு | எல்லோரும், முகத்தோடு | செட்டிங்கைப் பொறுத்தது | எல்லோரும், அழிக்கும் வரை | இல்லை |
| யார் கையில் | கடைக்காரர், சர்வீஸ்காரர் | போலீஸ், ஒப்பந்தக்காரர் | போலீஸ், ஒப்பந்தக்காரர் | போலீஸ் |
| முறையீடு | வழியில்லை | படத்தை வைத்து | இரண்டு படத்தை வைத்து | நேரில் வாக்குவாதம் |
| மறைமுகச் செலவு | பேட்டரி, ஒயர், சிலந்தி | நம்பர் பிழை, நடை | இரண்டு மடங்குப் பராமரிப்பு | மரத்தடிப் பேச்சு |
| பொருந்துமிடம் | திருட்டுத் தொல்லை உள்ள ஊர் | பிரிவு, பள்ளி, பஸ் ஸ்டாப் | கணவாய், மேம்பாலம் | சீசன், திருவிழா |

எங்கள் மனுவில் என்ன எழுதினேன்

முதலில் உதறல் பட்டையும் விளக்கும். அதோடு ஓரிட வேகக் கேமரா ஒன்று. அதற்கு நிபந்தனைகள்: வேகம் தாண்டிய வண்டியை மட்டும் படம் எடுக்க வேண்டும், மற்ற நம்பர்களை அடுக்கக் கூடாது. பின்பக்கம் பார்த்து வைக்க வேண்டும். கேமரா இருப்பதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகை முன்னாலேயே வேண்டும். இது நம் ஆசை அல்ல, விதியிலேயே இருக்கிறது. சலான் தீர்ந்ததும் படத்தை அழிக்க வேண்டும்; 2021 விதி சலான் முடியும்வரை வைக்கச் சொல்கிறது, அதற்கு மேல் வைக்கக் காரணம் இல்லை. கருவியின் அங்கீகாரச் சான்றின் நகலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். சனி, ஞாயிறு காலையில் ஸ்பீடு கன்னோடு ஒருவரையும் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் லாபம்.

போலீஸ் தரப்பில் ஒருவரிடம் வரைவைக் காட்டியபோது, எல்லா நம்பரையும் எடுத்தால்தானே தை மாசக் காரைப் பிடித்திருக்கலாம் என்றார். அது கனமான வாதம், தள்ளிவிட முடியாது. அந்த நேரத்தில் அந்தக் கார் வரம்பைத் தாண்டித்தான் வந்திருக்கும், வேகம் தாண்டினால் மட்டும் எடுக்கும் கேமராவே அதைப் பிடித்திருக்கும் என்றேன். மெதுவாக வந்து தட்டிவிட்டு ஓடுபவனைப் பிடிக்காது என்பதும் உண்மைதான். அந்த ஒருவனுக்காக ஊரின் போக்குவரவு முழுவதையும் எழுதி வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஊரில் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், எங்கள் முடிவு இது.

வரைவைப் பெரியவருக்கும் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"எல்லாம் சரிங் தம்பி. அந்தப் பேக்கரிக் கேமராவைக் கல்லாப் பக்கமாத் திருப்பி வெக்கச் சொல்லி ஒரு வரி சேத்துக்குங்."

சேர்த்துவிட்டேன்.